வாளியில் உறைந்த தண்ணீர்

“அப்போ காலையில போட்ட கலவை எல்லாம் நல்லா இருக்கு, சாயங்காலம் போட்டது மட்டும்தான் இப்படி ஆயிருக்கு. அப்படித்தானே?”

“ஆமா பாக். அதுவும் ரமலான் மாசத்துல போட்டது மட்டும். முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.”

“ஏன்னு தெரியலை.”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

எல்லோரும் மரியாதையாகப் பாக் என்றழைக்கும் தொழிற்சாலைத் தலைவர் ஹெண்டர்த்தோ மேசையில் நின்ற பாட்டில்களில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் விரல்கடை உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. அதற்கு மேலே ரவை ரவையாகத் திரிந்துபோய்க் கிடந்தது கூந்தல் பால்.

“சவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கு. இதைத் தலையில தடவி, மேல முக்காடும் போட்டுக்கிட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போகணும். வாங்கினவங்க நம்மள வாழ்த்தவா செய்வாங்க?” பாட்டிலைக் கீழே வைத்தார். “சரி, சுத்தி வளைக்காம கேட்டுடறேன். சூடா இருக்கும்போதே டேங்க்ல ஐஸ் போடச் சொன்னது நீங்களா?”

ஆய்வுக்கூடத்து ரத்ரிக்கு முதலில் கேள்வியே பிடிபடவில்லை. “ஐஸா? எந்த டேங்க்ல?”

“நேத்து கலவைக் கூடத்துச் சனுசியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐஸ் போட்டோம்னு ஒத்துக்கிட்டான். நீங்கதான் வாயால சொன்னீங்களாம், நோன்பு மாசம் மட்டும் அப்படிப் பண்ணிக்கலாம்னு.”

“பாங் சனுசியா அப்படிச் சொன்னார்?”

“அவன்தான். அவன் பொய் சொல்லி நான் பாத்ததில்ல. நீங்க பொய் சொல்லியும் பாத்ததில்ல. அதான் எனக்குத் தலைவலி.” எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். “நாளைக்குக் காலையில பண்டுங் அம்மா வர்றாங்க. கடையில இருந்து திரும்பி வந்த சரக்கு அத்தனையும் அவங்க தலையில. அவங்ககிட்ட நான் ஒரு பேரைச் சொல்லியாகணும். அந்தப் பேருள்ள ஆள் அதுக்கப்புறம் இங்க இருக்க முடியாது. நீங்களும் யோசிங்க.”

அவர் போன பிறகும் ரத்ரி நின்ற இடத்திலேயே நின்றாள். கோபம் வரவில்லை. யாரோ வேறொருத்தியின் வீட்டுக் கடிதத்தைத் தவறிப் பிரித்துவிட்டது போலத்தான் முதலில் இருந்தது. இது தனக்கு வந்ததல்ல, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அந்தப் பால் அவள் கையில் உருவானது. செம்பனை விதை எண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பு ஆல்கஹால்தான் அதன் உயிர். பெயரில்தான் ஆல்கஹால், குடிக்கிற சரக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சோப்பைச் சீவியது போன்ற வெள்ளைச் செதில், மெழுகு ஜாதி. தண்ணீரில் கரையாது. கரையாத அதைத் தண்ணீரிலேயே பிரியாமல் நிறுத்த வேண்டும். கெட்டிக் களிம்பாகச் செய்தால் பெரிய வித்தையில்லை, கெட்டித்தன்மையே பிடித்துக்கொள்ளும். தன் பெயரில் விற்பதற்கு இதைச் செய்யச் சொன்ன பண்டுங் ஊர் அம்மா கேட்டதோ பால் போல ஓடுவது. நாள் முழுக்க முக்காட்டுக்குள் இருக்கும் முடிக்குப் பாரம் ஏறக்கூடாது என்றாள். ஓடவும் வேண்டும், பிரியவும் கூடாது என்றால் அது இந்தத் தாங்கெராங் ஊரில் இருக்கும் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் பாடுதான். இரண்டு பேர் முடியாது என்று கைவிரித்த பிறகே அந்த அம்மா இங்கே வந்தாள்.

ரத்ரி ஒரு வருஷத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டினாள். நீள மூலக்கூறு உள்ள செதில் மட்டும் போட்டால் ஊசி ஊசியாக உறைந்தது. குட்டை மூலக்கூறு உள்ளது மட்டும் போட்டால் முத்துப்போல் மினுங்கி, மறுவாரம் மணல் மணலாகப் போனது. இரண்டையும் கலந்து, முடியில் ஒட்டிக்கொள்ளும் உப்பையும் சேர்த்து, பங்கை மாற்றி மாற்றிப் போட்டதில் ஒருநாள் சூட்டு அலமாரியில் வைத்த பாட்டில் பிரியாமல் நின்றது. கடைசியில் அவள் கண்டுகொண்டது, பங்கை விட ஆறவைக்கும் விதம்தான் முக்கியம் என்பதை. உருகிய துளிகள் மெல்ல ஆறினால் தாள்தாளாக அடுக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதற்கு அவகாசம் வேண்டும். திடீரென்று குளிர்ந்தால் துளி துளியாக அப்படியே விறைத்துவிடும். அன்றைக்குப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. வெளுப்பாக, வழவழவென்று, பரிசோதனைகளில் எல்லாம் தேறி, பாட்டிலுக்குள் போய்விடும். கடை அலமாரியில் நின்றுகொண்டு ஆற அமரத்தான் பிரியும்.

ஆய்வுக்கூடத்துக் குடுவையில் செய்ததைப் பெரிய தொட்டியில் செய்ய வைத்தவர் சனுசி. கலவைக் கூடத்துக்கு மேற்பார்வையாளர், உள்ளூர்ப் படாவி இனத்துக்காரர், வாயைத் திறந்தால் கிண்டல். எல்லோருக்கும் அவர் பாங், அதாவது அண்ணன். பெரிய தொட்டியின் வயிற்றில் சூடு தங்கிவிடுகிறது, சுற்றி ஓடும் தண்ணீரை வெதுவெதுப்பாக விட்டால்தான் வெளிப்புறம் முந்திக்கொண்டு உறையாது என்று சொன்னது அவர்தான். முதல் பெரிய கலவையன்று தொட்டியைத் தட்டிக்கொண்டே, “இது புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு மாதிரி நெங். அவசரப்படுத்தினா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்” என்றார். சின்னப் பெண்ணை ஆசையாகக் கூப்பிடுவது போல எப்போதும் அவளை நெங் என்றுதான் அழைப்பார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடித்திருக்காது.

அவளுக்குச் சொந்த ஊர் மத்திய ஜாவாவில் முன்டிலான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவள். தாங்கெராங்கில் வாடகை அறையில் தனியாக இருந்தாள். ரமலான் மாதத்தில் மற்றவர்கள் பட்டினி கிடக்கும்போது தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தே தின்பாள். இந்த வருஷம் முதல் நோன்பன்று சனுசி ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

“சாயங்காலம் எங்ககூட வந்து உக்காரு.”

“நான் நோன்பே இல்லையே பாங்.”

“வெக்கலைன்னா என்ன, திறக்கறதுக்கு வரலாம்ல. கஷ்டமான வேலையை நாங்க பாத்துக்கறோம், சுலபமான வேலையை நீ பாத்துக்க.”

கூடத்துக்குப் பின்னால் கழுவும் இடத்தையொட்டிய நடையில் நீலப் பாய் விரித்திருந்தார்கள். சனுசியின் மனைவி கொடுத்தனுப்பிய கோலாக் ஒரு பெரிய வாளியில் இருந்தது. தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் கருப்பட்டியும் கொதித்த வாசனை. பொரித்த தாஹு எனும் சோயாக் கட்டி, பச்சை மிளகாய், பேரீச்சை. மசூதியில் பாங்கு ஒலித்ததும் எல்லோரும் முதலில் தண்ணீரைக் குடித்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவளுக்கு என்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். மறுநாளும் விட்டிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க அவள் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான். பசியோடு பாயில் உட்கார்ந்தால் கோலாக் வேறு மாதிரி இனித்தது. அம்மாவிடம் தொலைபேசியில், எனக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னாள்.

இப்போது அவள் திரிந்த பாலில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியின் அடியில் நகர்த்தினாள். ஒளியை வடிகட்டும் கண்ணாடியைத் திருப்பினாள். நன்றாக ஆறிய பாலாக இருந்தால் இருட்டில் நாலிதழ்ப் பூக்கள் மினுங்கும், ஆயிரக்கணக்கில். இதில் பூ இல்லை. உடைந்த ஓடு போலத் துண்டுகள், நடுவே ஊசிகள். ஐஸ் என்று பாக் சொன்ன பிறகு பார்த்தால் அது ஐஸ் செய்த வேலைதான். ஒன்றரை மாதமாக எண்ணெய் மாறியதோ, உப்பு மாறியதோ, தண்ணீரில் கோளாறோ என்று அவள் தேடிக் களைத்த இடம் அத்தனையும் வீண்.

ஐஸ் போட்டது உண்மை. அப்படியானால் அவள்தான் சொன்னாள் என்று சனுசி சொன்னது? எங்காவது, எப்போதாவது, விளையாட்டாக ஏதாவது சொன்னோமா என்று மனத்தை உதறிப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்து பேசிய பேச்சையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. நேற்று பாக் மிரட்டியதில் பயந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. பயத்தில் சொன்னதென்றால் மன்னித்துவிடலாம். நேரில் போனால் அவரே தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் கூடத்துக்கு இறங்கிப் போனாள்.

சனுசி இல்லை. ஹோலில் என்ற பையன் மட்டும் காலித் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கலவை போடுகிறவர்களில் வாயாடி அவன்தான். ரத்ரியை மரியாதையாக இபு, அதாவது அம்மா, என்பான்.

“பாங் எங்க?”

“மழை வர்றதுக்குள்ள கிளம்பணும்னு வண்டி எடுக்கப் போனார். மழை முந்திக்கிச்சு.” தலையை வெளியே எடுத்தான். “என்ன இபு, முகம் வாடிக் கெடக்கு? திரும்பி வந்த பாட்டிலா? விடுங்க, கடைக்காரன் வெயில்ல வெச்சிருப்பான்.”

“ஹோலில், நோன்பு மாசத்துல டேங்க்ல ஐஸ் போட்டீங்களா?”

“ஆமா.” அவன் முகத்தில் ஒளிக்கிற ஜாடையே இல்லை. “குழாய்த் தண்ணி இல்ல இபு, பயப்படாதீங்க. சுத்தம் பண்ணின தண்ணியைத்தான் மத்தியானமே வாளியில பிடிச்சு, குளிர் அறையில உறைய வெச்சிடுவோம். மொத்தத் தண்ணியில கழிச்சு, எடை போட்டுத்தான் போடுவோம். ஒரு சொட்டு கூடக் குறையாம. நீங்க சொன்னா சொன்னபடி.”

“நான் சொன்னேனா?”

“பின்ன? முதல் நோன்பு அன்னிக்கே பாங் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாரே. மத்த வருஷமெல்லாம் பாங்கு சொல்ற நேரம்தான் பால் ஆறுற நேரம். நாலு பேரு டேங்க்கைக் காவல் காக்கணும், ஒரு பேரீச்சையை வாயில போட்டு நின்னுக்கிட்டே தண்ணி குடிக்கணும். சாப்பிட வர்றதுக்குள்ள தாஹு ஆறிப்போய் செருப்பு மாதிரி இருக்கும். இந்த வருஷம் இபு ரத்ரி மனசு வெச்சு வழி பண்ணிட்டாங்க, ஐஸ் போட்டா பாங்குக்கு முன்னாடியே ஆறிடும், எல்லாரும் சேந்து உக்காந்து திறக்கலாம்னார். நாங்க கை தட்டினோம்.” துணியை உதறினான். “எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன். லேப்ல ஒரு கிறிஸ்தவங்க இருக்காங்க, நாங்க ஒண்ணா நோன்பு திறக்கணும்னு விதியையே மாத்திட்டாங்கன்னு. அம்மா இன்னிக்கு வரைக்கும் தொழுகையில உங்க பேரைச் சொல்றாங்க. என் பேரு வருதான்னு கேட்டேன், உனக்கு வேற வேலையில்லையான்னாங்க.”

அவன் சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

“ஏன் இபு? ஏதாவது தப்பாப் போச்சா?”

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நடையில் ஒரு ஆள் உயரத்துக்குக் காலிப் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. அந்த இடத்தைத் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயத்தில் சொன்ன பொய் இல்லை. முதல் நோன்பன்று காலையில் அவளைப் பாய்க்கு அழைத்தார். அதே அன்று அவள் பெயரில் ஐஸையும் போட்டார். நாளை யாரைக் கேட்டாலும், அவள் சொன்னதாகத்தான் சொல்வார்கள். ஒருத்தனும் பொய் சொல்லமாட்டான். அவளுக்காகத் துஆ கேட்டவர்கள், அவளுக்கு இடம் விட்டவர்கள், வாளியில் கடைசியாகக் கிடந்த பழத்துண்டை அவள் கிண்ணத்தில் போட்டவர்கள் எல்லோரும் மனசாரச் சாட்சி சொல்வார்கள். அந்த அன்புகூட அவளுக்கு வந்ததில்லை. அவள் செய்யாத ஒரு தயவுக்கு வந்தது.

வண்டிக் கொட்டகையின் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. சனுசி மழைச் சட்டையின் ஒரு கையை மாட்டியபடி நின்றார். அவளைப் பார்த்ததும் இன்னொரு கையை மாட்டாமலே விட்டுவிட்டார்.

“பாக் சொல்லிட்டாரா?” என்றார்.

“சொன்னார். ஹோலிலும் சொன்னான்.”

“ஹோலில் வேறயா.” தரையைப் பார்த்தார். “அவன் வாய்க்கு ஒரு மூடி செஞ்சு தர்றேன்னு பல தடவை சொல்லியிருக்கேன்.”

“சிரிக்க வைக்காதீங்க பாங். எனக்கு இன்னிக்குச் சிரிப்பு வராது.”

மழைக்கு ஒதுங்கிய ஒரு பூனை வண்டிச் சக்கரத்தை உரசிக்கொண்டு போனது.

“ஏன் என் பேரைச் சொன்னீங்க? போடணும்னா நீங்களே போட்டிருக்கலாமே. உங்க கூடம், உங்க ஆளுங்க.”

“நான் சொன்னா போடமாட்டானுங்க. உன் பால்னா அவனுங்களுக்குப் பயம். ஒரு டிகிரி அப்படி இப்படி ஆனாலும் லேப்புக்கு ஓடி வருவானுங்க. நீதானே அப்படிப் பழக்கின.” குரலைத் தாழ்த்தினார். “நான் இந்தக் கூடத்துல எத்தனை ரமலான் நின்னுக்கிட்டே தண்ணி குடிச்சிருக்கேன் தெரியுமா? ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் எல்லாரும் மனுஷங்க மாதிரி உக்காந்து சாப்பிடட்டும்னு நினைச்சேன். ஐஸ் போட்டுப் பாத்தேன். பால் நல்லாத்தான் இருந்துச்சு. உன் பரிசோதனையிலயும் தேறிச்சு. தேறிச்சா இல்லையா?”

“அன்னிக்குத் தேறும். அது எப்போ பிரியும்னு உங்களுக்குத் தெரியும். புதுப்பொண்ணு கதை சொன்னதே நீங்கதான்.”

“தெரியும்” என்றார். “ஆனா பிரியாதுன்னு நம்பினேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது நம்பறது சுலபமா இருந்துச்சு.”

“என்னைப் பாய்க்குக் கூப்பிட்டதும் அதுக்குத்தானா? அந்த நேரத்துல நான் கூடத்துக்குள்ள வந்துடக் கூடாதுன்னு?”

மழைச் சட்டையின் தொங்கும் கையை அவர் பிடித்து முறுக்கினார். இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்கு அவள் அந்தக் கொட்டகையில் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“முதல் நாள் அதுக்குத்தான்” என்றார் சனுசி. “மறுநாள்லேருந்து இல்ல. எந்த நாள்லேருந்து இல்லைன்னு எனக்கே தெரியாது நெங். நீ வர லேட்டானா என் பொண்டாட்டி கொடுத்த கோலாக்கை மூடி வைப்பேன். அது நடிப்பில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீயும்தான் எங்ககூட உக்காந்த. எல்லாரும் பாய்ல இருக்கோமே, டேங்க் பக்கத்துல யார் இருக்காங்கன்னு ஒருநாளாவது கேட்டியா?”

அது அவளைத் தைத்தது. கேட்கவில்லை. பசி, பாங்கு, தேங்காய்ப்பால் வாசனை, தனக்கென்று விட்ட இடம். ஆறவைக்கும் விதத்தைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் தூக்கத்தைத் தொலைத்தவள், அந்தப் பாயில் உட்கார்ந்து ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“கேக்கல” என்றாள். “உங்களை நம்பினதால கேக்கல. அதையே எடுத்து என்மேல எறியறீங்க.”

“எறியல.”

“ஐஸ் போட்டு ஆறவெக்கச் சொன்னவள்னு நாளைக்கு வெளிய பேரு போனா, எந்த லேப்ல எனக்கு வேலை தருவாங்க? செதிலைப் பத்தி முதல் பாடமே தெரியாதவள்னு ஆயிடும். இந்தப் பாலைத் தவிர எனக்குன்னு என்ன இருக்கு, பாங்?”

“உனக்கு வயசு இருக்கு, படிப்பு இருக்கு. என்னை இந்த வயசுல எவன் சேத்துப்பான்?” சொன்னதும் அவருக்கே அது பிடிக்காதது போலத் தலையை ஆட்டினார். “அதைக்கூட விடு. வேலை போனா போகட்டும், வாசல்ல கடை போட்டு உக்காருவேன். என் பயம் வேற.”

“என்ன?”

“நாளைக்குப் பண்டுங் அம்மா முன்னாடி, பசங்க முன்னாடி, பாக் என்னை சத்தியம் பண்ணச் சொல்லப் போறார். நேத்தே சொல்லிட்டார். தொழுகை அறையிலேருந்து குர்ஆனைக் கொண்டாரச் சொல்வாராம், தலைக்கு மேல பிடிப்பாங்களாம், அதுக்கடியில நின்னு நான் சொல்லணுமாம். பாக் கிட்ட பொய் சொல்லிட்டேன். பசங்ககிட்டயும் சொன்னேன். உன்கிட்ட ஒரு மாசம் சொன்னேன். அதுக்கடியில நின்னு என்னால சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னா, ஒரு மாசம் நான் அவனுங்களைப் பொய்யை வெச்சு நோன்பு திறக்க வெச்சேன்னு ஆயிடும். ஹோலில் என் முகத்தைப் பாப்பானா?”

“என்னை ஏன் கேக்கறீங்க?”

“உன்னை அதுக்கடியில நிறுத்தமாட்டாங்க. நீ வேற மதம். உன்கிட்ட சும்மா வாயாலதான் கேப்பாங்க.” அவர் ஒரு அடி முன்னே வந்தார், தகரத்தின் ஓரத்திலிருந்து விழுந்த தண்ணீர் அவர் தோளில் தெறித்தது. அதைத் துடைக்கவில்லை. “உன்னை முதல்ல கேப்பார். நான் பாத்துக்கிட்டேன், உன்னை முதல்ல கேக்கும்படி சொல்லியிருக்கேன். நீ ஆமான்னு முழுசாச் சொல்லவேண்டாம். ஏதோ சொன்ன ஞாபகம், அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொன்னாப் போதும். பழியைப் பாதிப் பாதியாப் பிரிச்சுப்பாங்க, ரெண்டு பேரு வேலையும் நிக்கும். அவ்வளவுதான். அந்தக் கிதாபை என் தலைக்கு மேல தூக்கறதுக்கு முன்னாடி, நீ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடு நெங். சொல்றியா?”